தடைப்படும் சொல்



பள்ளியில் ஆசிரியர் வரவு இடாப்பைக் கையில் எடுக்கும்போதே என் நெஞ்சு படபடக்கும். ‘உள்ளேன் ஐயா’ என்னும் இரு சொற்கள் தொண்டையில் அடைபட்டு நிற்கும், வகுப்பு நகைக்கும். விடை அறிந்திருந்தும் அறியேன் எனத் தலையசைத்த நாட்கள் பல. கொன்னை என்றும் திக்குவாய் என்றும் நாம் வழங்கும் குறை இதுவே. வளர்ந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் இக்குறை உடையவர்.

அரண்மனையும் இதற்கு விலக்கன்று. பின்னாளில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரான யோர்க் கோமகன், 1925ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாள் வெம்பிளிப் பொருட்காட்சியின் நிறைவுரையிலே பெரிதும் இடர்ப்பட்டார். மறு ஆண்டு லயனல் லோக் என்னும் அவுஸ்திரேலியரை நாடினார். மூச்சுப் பயிற்சியும் இடையறாத முயற்சியும் துணைநின்றன. 1939ஆம் ஆண்டு செப்ரெம்பர் 3ஆம் நாள், போர் மூண்டபோது, வானொலி வாயிலாக மக்களுக்கு உரையாற்றினார். குறை முற்றாக நீங்கிற்றில்லை. ஆயினும் அதனோடு பேசக் கற்றுக்கொண்டார்.

மன்னருக்கு ஓர் ஆசான் கிடைத்தார். கமக்காரனின் மகனுக்கு யார் கிடைப்பார்? இவ்விடத்தேதான் பொதுமக்களின் ஆதரவு வேண்டப்படுகின்றது.

பெற்றோரின் கண்டிப்பாலும் அச்சத்தாலுமே திக்குவாய் உண்டாகும் என முன்னர்ப் பலர் கருதினர். 2010ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிலையத்தைச் சார்ந்த அறிஞர், திக்குவாய் உடையோர் சிலரிடத்தே மூன்று மரபணுக்களில் மாறுதல்களைக் கண்டனர். பாகிஸ்தானியக் குடும்பங்கள் அவ்வாய்வுக்குத் துணைபுரிந்தன. பொதுப்பணத்தால் நிகழ்ந்த அந்த ஆய்வு, தம்மைத் தாமே நொந்துகொண்ட தாய்மாருக்கு ஆறுதல் அளிக்க வல்லது.

நம் நாட்டில், றாகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவபீடத்திலே பேச்சு மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. தமிழ்க் குழந்தையின் திக்கலைத் தமிழ்மொழியின் ஒலிகளைக் கொண்டே ஆராய்தல் வேண்டும். அதற்கு அரசும் செல்வரும் பொருளுதவுதல் கடன்.

பொருள் உதவ இயலாதவரும் ஒன்று செய்யலாம். திக்குபவரின் சொல்லை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். ‘மெல்லப் பேசு’ என்று அறிவுரை கூறாதீர்கள். முகம் நோக்கிக் காத்திருங்கள்.

இவ்வுரையிலே நான் தயங்கிய இடங்களிலும் வானொலியை நிறுத்தாது கேட்டீர்களாயின், அப்பொறுமையை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அயல்வீட்டுப் பிள்ளைக்கும் அளியுங்கள்.