தொட்டில்கள் குறைவது ஏன்?

(தென்காசியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தமிழ்மக்கள் தொகை தேய்கின்றது என்னும் கவலைக்குரல் இன்று பல மேடைகளிற் கேட்கின்றது. கவலையினும் கணக்கே நமக்கு நல்ல துணை. நடுவணரசின் பதிவுக் கணக்கின்படி, தமிழகத்தில் ஒரு பெண் தன் வாழ்நாளிற் பெறும் மகவு 1971-இல் 3.9; 2020-இல் 1.4. மக்கள்தொகை தேயாது நிற்க 2.1 வேண்டும். இத்தாலியில் 2023-இல் இவ்வெண் 1.2. ஐரோப்பா பல தலைமுறைகளாய் நடந்த தொலைவை நாம் ஐம்பதே ஆண்டில் நடந்து முடித்தோம்.

கரணியம் யாது? பெண்கள் தாய்மையை வெறுத்தனர் என்பது வெறும் பழியுரை. 1971-இல் பிறந்த ஆயிரங் குழவிகளுள் நூற்றுக்கு மேற்பட்டவை ஓராண்டு நிறையுமுன் மாய்ந்தன; 2020-இல் அத்தொகை 13. பிறந்தது பிழைக்கும் என்னும் உறுதி வந்தபின் பலவாகப் பெறுவானேன்? அடுத்தது கல்வி. காமராசர் 1956-இல் தொடங்கிய பகலுணவும், 1982-இல் விரிந்த சத்துணவும் ஏழைப் பெண்மக்களைப் பள்ளிக்கு அழைத்தன. நம் குற்றாலத்தில் 1964-இல் மகளிர் கல்லூரி எழுந்தது. பீடி சுற்றிய தாயின் மகள் பட்டம் பெற்றாள், மணவகவை உயர்ந்தது, மகப்பேறு குறைந்தது. இது நாணத்தக்கதன்று, பெருமிதங் கொள்ளத்தக்கது.

ஆயினும், மனமிருந்தும் இரண்டாம் மகவுக்கு அஞ்சுவோர் உளர். உழவுக் குடும்பத்திற்குப் பிள்ளை உழைக்கும் கை. மாதக்கூலியில் வாழ்வார்க்கோ அது முதற்கண் செலவு. வீட்டு வாடகை, மருத்துவம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆங்கிலவழிப் பள்ளிக் கட்டணம்! தாய்மொழிப் பள்ளியைப் புறக்கணித்த நாமே பிள்ளை வளர்ப்பைப் பெருஞ்சுமை ஆக்கினோம்.

இனி வரும் இடர் இரண்டு. ஐரோப்பா செல்வம் சேர்த்தபின் மூத்தது. நாம் சேர்க்குமுன்பே மூக்கின்றோம். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் அறுபது அகவையினர் நூற்றுக்குப் பதின்மர்க்கு மேல். மற்றொன்று ஆட்சியுரிமை. 1962-இல் நாடாளுமன்றத்தில் நமக்கிருந்த 41 இடம், 1967-இல் 39 ஆயிற்று. 1976-இல் 42-ஆம் சட்டத்திருத்தம் மாநிலங்களின் பங்கை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தியது. 2001-இல் 84-ஆம் திருத்தம் 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை அதனை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்று நடந்தவனுக்கு இடக்குறைப்பே பரிசெனின், அது முறையாமோ?

இதற்காகப் ‘பலவாகப் பெறுக’ எனப் பெண்டிர்க்கு ஆணையிடுதல் அறமாகாது. அவர் உடலும் வாழ்வும் தேர்தற் கணக்குக்குரிய பண்டமல்ல. பணிபுரியும் தாய்க்குக் குழந்தைக் காப்பகம் வேண்டும். வீட்டுவேலையில் ஆண்மகன் பங்கு கொள்ளல் வேண்டும். முதியோர்க்குப் போதிய உதவித்தொகை வேண்டும். அரசுப் பள்ளியில் தரமான தமிழ்வழிக் கல்வி வேண்டும்.

மொழி வாழ்வது தொட்டில்களின் எண்ணிக்கையால் மட்டுமன்று. பத்துப் பெற்றும் பத்தும் தமிழறியாவெனின் யாது பயன்? வடபுலத்திலிருந்து பிழைக்க வந்தோர் மக்களும் நம் ஊர்ப் பள்ளிகளில் அமர்கின்றனர். அவர்க்கும் அன்போடு தமிழ் பயிற்றுவோம். பிறந்த குழந்தை ஒவ்வொன்றையும் தமிழ் பேசவும் எழுதவும் எண்ணவும் வல்லதாய் வளர்ப்போம். அஃதே நம் கையில் உள்ள பணி.

வெல்க தமிழ்!