கன அடிக்கு எத்தனை லிட்டர்?

வீடு கட்டும்போது தரைக்குக் கீழே சம்ப் எடுக்கிறோம். அளவு என்ன என்று கேட்டால், "ஆறுக்கு அஞ்சு, ஆழம் அஞ்சு" என்பார் கொத்தனார். எல்லாம் அடிக்கணக்கு. கோடையில் அதே சம்ப்பை நிரப்பத் தண்ணி லாரிக்குப் போன் செய்தால், "ஆறாயிரமா, ஒன்பதாயிரமா?" என்று கேட்பார்கள். அது லிட்டர் கணக்கு. அடியில் கட்டிய தொட்டி எத்தனை லிட்டர் கொள்ளும் என்ற யோசனை, பல வீடுகளில் லாரி வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் வருகிறது.

ஆறு, ஐந்து, ஐந்து. மூன்றையும் பெருக்கினால் 150 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆகமொத்தம் 4,245 லிட்டர். ஆறாயிரம் லிட்டர் லாரியை வரவழைத்தால் மீதித் தண்ணீர் லாரியிலேயே திரும்பிப் போகும். காசு மட்டும் முழுசாகக் கொடுக்க வேண்டும்.

இதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொத்தனார் சொன்னது தோண்டிய குழியின் அளவா, சுவர் எழுப்பிப் பூசிய பிறகு உள்ளே மிஞ்சும் அளவா? முக்கால் அடிச் சுவர் நாலு பக்கமும் வந்தால் ஆறடி நாலரை அடியாகும், ஐந்தடி மூன்றரை அடியாகும். ஆழத்தைத் தொடாமலே கொள்ளளவு ஏறக்குறைய பாதியாகிவிடும்: 2,230 லிட்டர்தான். பணம் போட்டுக் கட்டுகிறவர்கள் உள் அளவைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த 28.3 எப்படி வந்தது? ஓர் அடி என்பது 30.48 சென்டிமீட்டர். நீளம், அகலம், உயரம் மூன்றுமே ஓர் அடியாக உள்ள ஒரு பெட்டி. 30.48-ஐ மூன்று முறை வைத்துப் பெருக்கினால் 28,317 கன சென்டிமீட்டர். ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர். அவ்வளவுதான். கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பது மனப்பாடமாக இருக்கும். அதையே பிடித்துக்கொண்டு ஒரு கன மீட்டருக்கும் 3.28 கன அடி என்று போட்டுவிடுவார்கள். மூன்று திசையிலும் பெருக வேண்டுமே! ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி. பத்து மடங்குக்கும் மேலே பிசகு.

கேலனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்து கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். எந்த நாட்டு கேலன் என்று தெரியாமல் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கன அடியில் இந்தத் தொல்லை இல்லை.

சம்ப்பிலிருந்து ஏரிக்கு வருவோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்தும் சேர்ந்து சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள். மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி, அதாவது 11.757 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கன அடி, நம் லிட்டரில் 2,831 கோடி. நகரத்துக் குழாய்களில் போகும் தண்ணீரையோ ஒரு நாளைக்கு இத்தனை மில்லியன் லிட்டர் என்கிறார்கள். ஏரியில் கன அடியாக இருப்பது குழாய்க்கு வரும்போது லிட்டராகிவிடுகிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்க ஓர் எளிய வழி சொல்கிறேன். ஒரு மாநகரம் நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கிறது. அப்படியானால் ஒரு டி.எம்.சி. 28 நாளைக்கு வரும். வெயிலில் ஆவியாகிப் போவதைத் தனியாகக் கழித்துக்கொள்ள வேண்டும். "ஏரிகளில் இருப்பு மூன்று டி.எம்.சி." என்று ஏப்ரலில் கேட்டால், மூன்று மாதம் தாங்காது என்பதைச் சாதாரணக் குடும்பத் தலைவி ஒருவர் அந்தக் கணமே புரிந்துகொள்ளலாம்.

மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் நம் நாட்டில் 1956-லேயே வந்துவிட்டது. கடையில் படி போய் லிட்டர் வந்தது. அணையும் வாய்க்காலும் மட்டும் அடியிலேயே நின்றுவிட்டன. மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. காவிரியில் கர்நாடகம் ஆண்டுதோறும் நமக்குத் திறந்துவிட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னதும் இந்த அளவில்தான். ஒப்பந்தமும் தீர்ப்பும் கன அடியில் எழுதப்பட்டிருக்கும்போது, அதை மாற்றப்போய் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினாலும் வழக்குதான். ஆகவே பழைய அளவு நீடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. பக்கத்திலேயே லிட்டரையும் சொல்லுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஓடும் தண்ணீருக்கு நேரமும் சேர்ந்துகொள்கிறது. வினாடிக்கு ஒரு கன அடி என்பதைத்தான் கியூசெக் என்கிறார்கள். ஒரு நாளில் 86,400 வினாடி. ஆகவே வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூரில் பத்தாயிரம் கன அடி திறந்தால் நாளொன்றுக்கு 0.86 டி.எம்.சி. இறங்கும். குறுவைக்குத் தண்ணீர் எத்தனை நாள் வரும் என்பதை இதை வைத்தே கணக்கிட்டுவிடலாம்.

வெள்ளக் காலத்தில் இந்தக் கணக்கு உயிர்ப் பிரச்சினையாகிறது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வெளியேற்றப்பட்டதாக அரசுத் தரப்பில் சொன்னார்கள். வினாடிக்கு எட்டு லட்சத்து இருபதாயிரம் லிட்டர் அது. பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணி லாரிகள் அறுபத்தெட்டு, ஒவ்வொரு வினாடியும் அடையாற்றில் கொட்டிக்கொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. வழியில் பெய்த மழையும் ஓடைகளில் வந்த தண்ணீரும் அதற்கு மேலே. கரையோரம் குடியிருப்பவருக்கு "29,000 கன அடி" என்ற எண் எதைச் சொல்லும்? ஆயிரத்துக்கும் இருபத்தொன்பதாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

லிட்டரில் சொன்னால் மட்டும் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. இந்த அளவு திறந்தால் எந்தப் பாலத்தின் கீழ் தண்ணீர் எவ்வளவு உயரும், எத்தனை மணிக்கு அங்கே வந்து சேரும் என்பதையும் நீர்வளத் துறையின் எச்சரிக்கை சொல்ல வேண்டும். வீட்டுப் படிக்கட்டில் எத்தனையாவது படி வரை தண்ணீர் ஏறும் என்று அப்போதுதான் அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வயதானவர்களையும் குழந்தைகளையும் வெளிச்சம் இருக்கும்போதே வேறிடம் கொண்டு சேர்ப்பார்கள்.