தாய்முயலை வைத்தியரிடம் கொண்டுசெல்லும் வித்தை



ஆட்டையும் மாட்டையும் மிருக வைத்தியரிடம் காட்டுவதை ஒரு கலையென்று எவரும் சொல்லார்; கயிற்றைப் பிடித்து நடத்திச் சென்றால் அலுவல் முடிந்தது. ஆனால், குட்டி ஈன்று ஒரு வாரமும் கழியாத தாய்முயலை, ஆள் நிழல் விழுந்தாலே நெஞ்சு படபடக்கும் அந்தச் சாதுப் பிராணியை, சாய்ந்தமருதிலிருந்து கல்முனைப் பக்கம் முச்சக்கர வண்டியில் கொண்டுபோய்க் காட்டி, மருந்து பெற்று, தாய்க்கும் குட்டிகளுக்கும் பங்கம் நேராமல் மறுபடி கூட்டிலே சேர்ப்பதென்பது, பொறுமையும் விவேகமும் ஒருங்கே வேண்டுகின்ற வித்தை என்பதே என் அபிப்பிராயம்.

இதற்கு முதற்படி அதன் சுபாவத்தை அறிதல். நம் நாட்டுக் காட்டுமுயல், மயிர் மூடிக் கண் திறந்த குட்டியையே ஈனும். வீட்டுமுயலோ ஸ்பெயின் தேசத்து வளைமுயலின் சந்ததி. ஏறத்தாழ 31 நாள் சுமந்து அது ஈனும் குட்டி மயிரின்றிப் பிறந்து, பார்வை பெறப் பத்துப் பன்னிரண்டு நாள் காத்துக் கிடக்கும். தன் உடல் மயிரைத் தானே பிடுங்கி மெத்தையிட்ட தாய், அப்புறம் அந்தப் பக்கமே அணுகாதது கண்டு, “குட்டிகளைக் கைவிட்டுவிட்டதே!” என்று நம் உம்மாமார் அங்கலாய்ப்பதுண்டு. அந்தக் கவலை வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு தடவை, சிலவேளை இரண்டு தடவை, பெரும்பாலும் இருளிலோ விடியலிலோ, மூன்று நான்கு நிமிஷம் பாலூட்டிவிட்டு விலகிவிடுவது அதன் வழக்கம். வனத்திலே வாழும் தாய், ஊட்டி முடித்ததும் வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டுப் போகும். தன் வாசனையைத் தொடர்ந்து பகைவன் வந்துவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை அது.

இந்த வழக்கமே நமக்கு வழி காட்டுகிறது. தாயின் மடி சூடேறி, கல்லாகி, நீலம் பாரித்தால், அல்லது அரை நாளாக அது தீனியைத் தொடாவிட்டால், வைத்தியரிடம் போயே ஆகவேண்டும். குட்டிகளின் வயிறு உருண்டு திரண்டிருக்கிறதா என்று சுபஹுத் தொழுகை முடிந்ததும் பார்த்துக்கொண்டால், பால் குடித்த குட்டிகளை மெத்தையோடு வீட்டிலே விட்டு, தாயை மாத்திரம் சில மணி நேரம் கொண்டுபோய் வரலாம். குட்டிகளே வயிறொட்டிச் சுருங்கியிருந்தாலோ, தாய் அங்கே தங்க நேரிட்டாலோ, மெத்தை கலையாமல் பெட்டியோடு எல்லாரையும் கொண்டுபோக வேண்டியதுதான். மனிதன் தொட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்பது பெரும்பாலும் கட்டுக்கதை. பழகிய கை பட்டால் அது பொருட்படுத்துவதில்லை. அந்நியர் கூட்டமும் இரைச்சலுந்தான் ஆபத்து. மிரண்ட தாய் தன் குட்டிகளையே மிதித்துவிடும். பறவைக் குஞ்சுகளை எடுத்துவந்தவர்களிடம், அவற்றைத் தாயிடமே திருப்பிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பிலே இருக்கிறது. பிரிவின் நேரத்தைக் குறுக்குவதற்கு நம்மூரார்க்கு வேறு நியாயம் சொல்ல வேண்டியதில்லை.

தூக்குவதிலேதான் பலர் தவறுகின்றனர். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. பின்புறத்தைத் தாங்காமல் தூக்குவது அதனிலும் அபாயம். முயலின் எலும்புகள் மிக இலேசானவை, பின்னங்கால்களோ மகா பலமுள்ளவை. அந்தரத்தில் ஓர் உதை உதைத்தால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். மல்லாத்திப் போட்டதும் அசைவற்றுக் கிடக்கிறதே, தூங்குகிறது என்று மகிழ்வாருமுண்டு. அது தூக்கமன்று, பயத்தின் உச்சம்.

காற்றுத் துளையிட்ட பெட்டியின் அடியில் அதன் கூட்டு வைக்கோலையே, அழுக்கென்று வீசிவிடாமல், பரப்புங்கள். தன் வாசனையிலே அதற்கு ஓர் ஆறுதல். மேலே மருதமுனைத் தறியில் நெய்த பழஞ்சாரனொன்றை, காற்றை மறைக்காமல், போர்த்தினால் போதும். கச்சான் வீசுங் காலத்தில் வெயில் ஏறுமுன் புறப்படுவது உத்தமம். முயலுக்கு வியர்வையில்லை, காதுகளின் வழியேதான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்றுகிறது, 28 பாகை கடந்தாலே அதற்கு அவஸ்தை. போய்ச் சேர்ந்ததும், நாய்கள் குரைக்கும் விறாந்தையில் அதை வைத்துக் காத்திராமல், அழைக்கும்வரை நிழலில் நிறுத்திய வண்டியிலேயே இருங்கள்.

வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது, பாலூட்டும் தாய் என்பது. பென்சிலின் இன மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகள் அழிந்து உயிருக்கே மோசமாகும். தெள்ளுக்காக நாய்மேல் இடும் ஃபிப்ரோனிலும் அதற்கு நஞ்சு. பேராதனையிலே படித்து வந்த வைத்தியருக்கு இதெல்லாம் தெரியாததல்ல. கொட்டிலில் எஞ்சிக் கிடக்கும் ஆட்டு மருந்தை நாமே ஊட்டிப் பார்க்கும் துணிச்சல் நமக்குத்தான் அதிகம். இன்னொன்று: முயலுக்கு வாந்தியெடுக்க இயலாது, ஆதலால், சத்திரசிகிச்சை என்றாலும் வெறும் வயிற்றோடு கொண்டுபோக வேண்டியதில்லை. ஒரு பிடி அறுகம்புல்லைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். வீடு திரும்பியபின் அதை அது கடிக்கிறதா, பிழுக்கை விழுகிறதா என்று மாலைவரை கவனியுங்கள். இரண்டும் இல்லையென்றால், விடியட்டும் என்றிராமல் அன்றிரவே வைத்தியரைக் கேட்க வேண்டும்.