குசினி யாருடைய உயரத்துக்கு?

(நூற்றாண்டு விழாவையொட்டிய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் கதைப்பார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். விடுதிக் குசினியைத் திருத்திக் கட்டச் சங்கம் காசு சேர்க்கிறது என்று கேள்விப்பட்டதும், எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கூடிக் கதைத்துக் குசினியைப் பற்றியே பேசுவது என்று முடிவெடுத்தோம். அதற்கு ஒரு காரணம் எங்களுடைய பழைய மனைப்பொருளியல் கொப்பி. மற்றது, எங்கள் வீட்டில் நாங்களே விட்ட ஒரு பிழை.

1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோனது. அதற்குப் பின்வந்த வருடங்களில்தான் நாங்கள் இந்தப் பாடசாலையில் வளர்ந்தோம். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கு உங்களுக்கும் நினைவிருக்கும். அந்த வெளிச்சத்தில் நாங்கள் யூ வடிவக் குசினியும் எல் வடிவக் குசினியும் கீறினோம். குளிர்சாதனப் பெட்டிக்கு ஒரு சதுரம், மின் அடுப்புக்கு ஒரு சதுரம். குளிர்சாதனப் பெட்டி வைத்திருந்த வீடுகளில் அதற்குள் உடுப்பு அடுக்கியிருந்த காலம். எங்களுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ரீச்சர் கோபிக்கவில்லை. "கரண்ட் ஒருநாள் வரும் பிள்ளையள். வரேக்க எங்கே வைக்கிறதெண்டு தெரியாமல் நிக்காதேங்கோ" என்றார்.

அந்தக் கொப்பியில் ஒரு முக்கோணம் இருந்தது. அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாப்பாட்டுச் சாமான் வைக்கும் இடம் ஆகிய மூன்றையும் கோடு போட்டு இணைக்க வேண்டும். மூன்று பக்கத்தையும் கூட்டினால் 26 அடியைத் தாண்டக் கூடாது. 1940களில் அமெரிக்காவில் வகுத்த கணக்கு அது. அதற்கும் முன்னர், 1926இல், மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற ஒஸ்ரியப் பெண் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்க்பேர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக ஒரு குசினியை வடிவமைத்தார். 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம், அவ்வளவுதான். சமைப்பவர் எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ணிப் பார்த்துச் செய்த வேலை. இருந்துகொண்டு மரக்கறி வெட்டச் சுழல் கதிரை ஒன்றும் வைத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது கட்டப்பட்டது. அந்தக் குசினிக்கும் எங்கள் நூற்றாண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

ஆனால் எங்கள் ஊர்ச் சமையலுக்கு அந்த முக்கோணம் போதாது. எங்களுக்கு நாலாவது மூலை ஒன்று உண்டு, அது பின்கதவு. மீன் வெட்டுவது கிணற்றடியில், தேங்காய் துருவுவது பத்தியில், சுளகில் அரிசி புடைப்பது முற்றத்தில். பின்கதவிலிருந்து உள்வீட்டுக்குப் போகும் பாதை அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவால் போனால், பிள்ளைகள் அதால்தான் ஓடுவார்கள்.

இனி எங்கள் பிழைக்கு வருகிறோம். யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் எங்கள் வீட்டைத் திருத்தினோம். படப்புத்தகம் பார்த்துக் குசினி கட்டினோம். சுற்றிவரக் கறுப்புக் கல் மேடை, கீழே கபேட், மேலே கபேட். அடுப்பு ஒரு சுவரில், தண்ணீர்த் தொட்டி எதிர்ச் சுவர் யன்னலுக்குக் கீழே. ஓடாவியார் ஒரு கேள்வி கேட்டார்: "மேடை ஆற்றை உயரத்துக்கு?" "எல்லாரும் போடுற அளவைப் போடுங்கோ" என்றோம். 36 அங்குலம் போட்டார்.

குடிபுகுந்து ஒரு மாதத்துக்குள் அம்மா பின்பத்தியில் மூன்று கல்லை வைத்து விறகு மூட்டத் தொடங்கினார். பழைய பழக்கம் விடாது என்று நினைத்தோம். காஸ் மிச்சம் பிடிக்கிறார் என்று பகிடியும் விட்டோம். வீட்டில் இரண்டு வைத்தியர்கள் இருந்தோம். இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. மாரி தொடங்கி விறகு நனைந்த ஒரு நாள், அம்மா உள்ளே காஸ் அடுப்பில் சோறு வைத்தார். கொதித்த பானையைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவருக்கு வடிக்கப் போகும்போது கை தளர்ந்து, கஞ்சி நெஞ்சிலும் முன்கையிலும் ஊற்றிவிட்டது. ஒவ்வொரு நாளும் மருந்து கட்டினோம். ஒரு நாள் கட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "பிள்ளை, உங்கடை குசினி எனக்கு எட்டாது. காசு செலவழிச்சுக் கட்டினனீங்கள், சொன்னால் மனம் நோவியள் எண்டு சொல்லேல்லை."

அன்றிரவு அளவுநாடாவை எடுத்தோம். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். முழங்கை 36 அங்குலத்தில், அதாவது மேடையின் மட்டத்தில். மேடைக்கு மேல் காஸ் அடுப்பு 5 அங்குலம், அதற்கு மேல் பானை 9 அங்குலம். பானையின் வாய் 50 அங்குலத்தில் நின்றது. அம்மாவின் தோள் அதற்குக் கீழே. பானைக்குள் என்ன கொதிக்கிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

அளந்த பின் செய்தவற்றைச் சொல்கிறோம். வெட்டும் மேடை, சமைப்பவரின் முழங்கைக்கு 4 அங்குலம் கீழே இருந்தால் தோளும் கழுத்தும் நோகாது. அடுப்பு வைக்கும் பகுதி அதைவிடத் தாழ வேண்டும். அம்மாவுக்காக அதை 26 அங்குலத்துக்கு இறக்கினோம். இதற்கு ஒரு விலை உண்டு. தாழ்ந்த அடுப்பு தவழும் பிள்ளைக்கும் எட்டும். ஆகவே அதைப் பாதை ஓரத்தில் வைக்காமல் உள்மூலையில் வைத்தோம், பேரப்பிள்ளைகள் வரும் நாளில் பிடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கிறோம். தண்ணீர்த் தொட்டியை அடுப்பின் அதே சுவருக்குக் கொண்டுவந்தோம். இரண்டுக்கும் நடுவில் 2 அடி மேடை. பானையைத் தூக்கத் தேவையில்லை, அரக்கி வைத்து வடிக்கலாம். தண்ணீர் கிட்ட இருப்பதில் இன்னொரு நன்மை: சுட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீருக்குக் கீழே 20 நிமிடம் பிடிக்கலாம். பற்பசையும் முட்டை வெள்ளைக்கருவும் பூசிக்கொண்டு எங்களிடம் வராதீர்கள்.

தீக்காய வார்டில் வேலை செய்தவர்களுக்கு ஒன்று தெரியும், அவதானமாக இருங்கள் என்று சொல்லிக் காயங்கள் குறைவதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர போத்தல் விளக்கு கவிழ்ந்து எரிந்தவர்களுக்கு வைத்தியம் செய்தவர். அவர் விளக்கையே மாற்றினார். குட்டையான கனத்த போத்தல், உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை, திருகி மூடும் மூடி. அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த எங்களுக்கு அந்தச் செய்தி சும்மா செய்தி அல்ல.

காஸ் சிலிண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். மேல் யன்னல் திறந்திருக்கிறது என்று ஆறுதல் அடைய வேண்டாம். தரை மட்டத்தில் காற்றுப் போக வழி வேண்டும். சிலிண்டரைக் கபேட்டுக்குள் பூட்டுவதைவிடச் சுவருக்கு வெளியே, நிழலில், நிமிர்த்தி வைப்பது நல்லது. மணம் வந்தால் லைட்டையும் போடக் கூடாது, விசிறியையும் போடக் கூடாது; கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். அக்கினி மூலையைப் பற்றி மேசன்மார் சொல்வதோடு எங்களுக்குச் சண்டை இல்லை. மூலை எதுவானாலும், சோழகம் அடிக்கும் பக்கத்து யன்னலுக்கு நேரே காஸ் அடுப்பை வைத்தால் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சுவாலை நிற்காது.

குளிர்சாதனப் பெட்டி அடுப்புக்குப் பக்கத்திலும் பின்னேர வெயில் படும் சுவரிலும் வேண்டாம். இன்சுலின் வைத்திருப்பவர்கள் அதை உள்தட்டில் வையுங்கள். கதவிலும் ஐஸ் தட்டிலும் வைக்காதீர்கள். கிரைண்டருக்கும் கேத்திலுக்கும் பிளக்குகள் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எட்டி, மேடைக்கு மேலே இருக்கட்டும். ஒரே நீட்டு வயரில் கேத்தில், றைஸ் குக்கர் எல்லாவற்றையும் கொழுவும் வழக்கத்தை விடுங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது பெயருக்கு மட்டும் இருக்கிறது.

விறகடுப்பை முற்றாக இடிக்க வேண்டாம். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால் புகைக்கூடு இல்லாமல் வைக்க வேண்டாம். 2020இல் மட்டும் வீட்டு அடுப்புப் புகையால் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஒரு நாளும் சிகரெட் தொடாத அம்மாமார் இளைத்து இளைத்து எங்கள் கிளினிக்குக்கு வருகிறார்கள். அடுப்படியில் எத்தனை வருடம் என்று அவர்களைக் கேட்க எங்களுக்கே கன காலம் எடுத்தது.

விடுதிக் குசினியின் வரைபடம் மண்டப வாசலில் ஒட்டியிருக்கிறது. அழகாக இருக்கிறது. ஆனால் நாலு பக்கமும் ஒரே உயர மேடை, 36 அங்குலம். அங்கே வைக்கப்போவது கிடாரம். கிடாரத்துக்கு அடுப்பு முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. வடிக்கும் இடம் பக்கத்திலேயே, தண்ணீர் ஓடும் தரையோடு இருக்க வேண்டும். விடுதியில் சமைக்கும் அக்காமார் மூன்று பேர் இன்று எங்களுக்குச் சாப்பாடு செய்துகொண்டிருக்கிறார்கள், ஆகவே இந்த உரையைக் கேட்க வரவில்லை. செயற்குழு ஒப்பந்தம் எழுத முன்னர் அவர்களைக் கூப்பிட்டு, தரையில் சோக்கால் கீறி, வெறும் கிடாரத்தை வைத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அளவுநாடா எங்கள் கைப்பையில் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் குசினிப்பக்கம் வரக்கூடியவர்கள் எங்களோடு வாருங்கள்.