லித்தியம் பேட்டரி: கட்டுவதற்கு முன் கவனம்!

(திரேஸ்புரத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்றைக்குப் பேட்டரி பற்றிப் பேசப் போகிறோம். "இது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று யாரும் நினைக்க வேண்டாம். ராத்திரி தொழிலுக்குப் போகும் வள்ளத்தில் விளக்கும் ஜி.பி.எஸ். கருவியும், வீட்டில் எமர்ஜென்சி லைட்டும் செல்போனும் பேட்டரியில்தான் ஓடுது. கனமான ஆசிட் பேட்டரி இருந்த இடத்துக்கு இப்போ எடை குறைந்த லித்தியம் பேட்டரி வந்துகொண்டிருக்கிறது.

நம்ம பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப் பழுதானால், அதன் பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் உருளை செல்களை எடுத்து, வீடியோ பார்த்துப் புது பேட்டரி கட்டுகிறார்கள். "நாமும் கற்றுக்கொண்டு விளக்கு செய்து விற்கலாமா? கடன் கிடைக்குமா?" என்று சில குழுக்கள் கேட்டிருக்கீங்க.

கற்றுக்கொள்ளலாம் சகோதரிகளே. ஆனால் பழைய செல்லை வைத்துத் தொடங்கக் கூடாது. பிள்ளைகள் படுத்துத் தூங்கும் வீட்டுக்குள் வைத்தும் தொடங்கக் கூடாது.

ஏன் இந்த எச்சரிக்கை?

2022 மார்ச் மாதம் வேலூரில் ஒரு வீட்டில் ராத்திரி மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டிருந்தார்கள். அது தீப்பிடித்தது. அப்பாவும் பள்ளிக்கூடம் படிக்கிற மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அந்த வருஷம் நாட்டில் பல இடங்களில் இப்படி வண்டிகள் எரிந்தன. அதன் பிறகு 2022 டிசம்பர் முதல் வண்டி பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது. கம்பெனியில் செய்ததற்கே இவ்வளவு சோதனை வேண்டும் என்றால், நம்ம திண்ணையில் கட்டுவதற்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

லித்தியம் செல்லுக்குள்ளே எரியக்கூடிய திரவம் இருக்கிறது. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினாலோ, இரண்டு முனையும் உரசினாலோ செல் சூடாகும். ஒரு செல்லின் சூடு பக்கத்துச் செல்லையும் கெடுக்கும். குழுவில் ஒருவர் தவணை கட்டாவிட்டால் எல்லாரும் பாதிக்கப்படுகிறோமே, அதே கதைதான்.

முதன்முதலாகக் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. கை, கழுத்தில் உள்ள உலோக வளையல், மோதிரம், சங்கிலியைக் கழற்றி வையுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் ரவிக்கைக்குள் போட்டு மூடிக்கொள்ளுங்கள். உருளை செல்லின் உச்சியில் உள்ள குமிழ் மட்டும்தான் பாசிட்டிவ். உடம்பு முழுக்க நெகட்டிவ். நடுவே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே. உறை கிழிந்த செல் வேண்டாம்.

2. எல்லா செல்லும் புதியதாக, ஒரே கம்பெனி, ஒரே வகை, ஒரே அளவாக இருக்கட்டும். நல்லது கெட்டதைக் கலக்காதீர்கள். மல்டிமீட்டரில் ஒவ்வொன்றையும் அளந்து, எல்லாம் ஒரே வோல்ட் காட்டினால்தான் இணைக்க வேண்டும். உப்பிய செல், கசிந்த செல் தொடவே வேண்டாம்.

3. வகையைத் தெரிந்து வாங்குங்கள். லேப்டாப் வகை செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை 3.65 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது. இந்த இரண்டாவது வகை சூட்டை அதிகம் தாங்கும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதுதான் ஏற்றது. 3.2 வோல்ட் செல் நான்கை வரிசையாக இணைத்தால் 12.8 வோல்ட். 12 வோல்ட் விளக்குக்குச் சரியாக இருக்கும்.

4. பி.எம்.எஸ். போர்டு இல்லாமல் கட்டவே கூடாது. சார்ஜ் மிஞ்சினாலும், ரொம்பக் குறைந்தாலும், கரண்ட் அதிகமாக இழுத்தாலும் அதுதான் நிறுத்தும். செல் வகைக்கும் எண்ணிக்கைக்கும் பொருந்திய போர்டாக வாங்க வேண்டும். பாசிட்டிவ் வயரில் ஃபியூஸும் போடுங்கள்.

5. செல்லின் மேல் நேராக ஈயப் பற்று வைக்காதீர்கள். அந்தச் சூடு செல்லின் உள்ளே போய்க் கெடுக்கும். நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்வதுதான் முறை. அது பழகும் வரை செல் ஹோல்டர் போதும்.

6. ஆசிட் பேட்டரி சார்ஜரை இதற்குப் போடாதீர்கள். மேலே சொன்ன நான்கு செல் பேட்டரிக்கு 14.6 வோல்ட் சார்ஜர்தான்.

7. முதல் சார்ஜை பகலில், வெளியே சிமெண்டுத் தரையில், பக்கத்தில் ஆள் இருந்து போடுங்கள். தூங்கும்போது வேண்டாம். வாசலை மறித்தும் வேண்டாம்; தீப்பிடித்தால் வெளியே வர வழி வேண்டுமே!

நம்ம ஊருக்கு இன்னொரு ஆபத்து உப்புத் தண்ணீர். அது கரண்டைக் கடத்தும், இணைப்புகளை அரிக்கும். 2022-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் புயல் வந்து கடல் தண்ணீர் ஏறியபோது, நனைந்த மின்சார கார்கள் சில பிறகு தீப்பிடித்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! அப்படித் தண்ணீரில் கிடந்த பேட்டரியைக் காயவைத்துச் சார்ஜ் போடக் கூடாது. வீட்டுக்கு வெளியே தள்ளி வையுங்கள். வள்ளத்துக்குப் போகும் பேட்டரி, தண்ணீர் புகாத பெட்டியில் இருக்கட்டும்.

பேட்டரி புகைந்தால் கையில் எடுக்காதீர்கள். அந்தப் புகை விஷம். பிள்ளைகளோடு வெளியே ஓடி வந்து 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். கெட்ட செல்லின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி வையுங்கள். குப்பையில் போடாமல், பேட்டரியைத் திரும்ப வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

இவ்வளவையும் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். ராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமத்தில் 1972-ல் தொடங்கிய பேர்ஃபுட் கல்லூரியில் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட சோலார் விளக்கு வேலை கற்கிறார்கள். நிறத்தைப் பார்த்தே பாகங்களை அடையாளம் காண்கிறார்கள். அதே மாநிலத்தில் துங்கர்பூர் மாவட்டத்துச் சுய உதவிக் குழுப் பெண்கள், மும்பை ஐ.ஐ.டி. வழிகாட்ட, சோலார் விளக்குகளைப் பூட்டினார்கள். பிறகு சோலார் பேனல் தொழிற்சாலையே அமைத்தார்கள். அவர்கள் பழைய செல்லைப் பொறுக்கித் தொடங்கவில்லை. தயாராக வந்த பாகங்களை, பயிற்சி எடுத்து, ஒரு கூடத்தில் உட்கார்ந்து பூட்டினார்கள். நமக்கும் அதுதான் வழி.

ஆகவே கடன் கேட்கும் குழு முதலில் நான்கு விஷயங்களைக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து: பயிற்சி எடுத்த இரண்டு உறுப்பினர்கள், வீட்டை விட்டுத் தனியான வேலையிடம், பில்லோடு வாங்கிய புது செல், விற்கும் முன் ஒவ்வொரு விளக்கையும் சோதித்து எழுதும் நோட்டு. அந்த விளக்கை நம்பிக் கடலுக்குப் போவது இன்னொரு சகோதரியின் வீட்டுக்காரராக இருக்கும், மகனாக இருக்கும்.

உங்கள் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள். பயிற்சிக்கு விருப்பம் உள்ளவர்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். பேட்டரி உடைக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் திட்டாதீர்கள். அவனையும் அந்தப் பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க.