மழைக்காலக் கல்யாணமும் எங்க வீட்டுப் பத்திரிகையும்

பத்தாவதோட படிப்பை நிறுத்தினவ நான். மைக்கைப் பிடிச்சா கை நடுங்குது, பொறுத்துக்கங்க.

போன பயிற்சியில 'மான்சூன் வெட்டிங்'னு ஒரு படம் போட்டாங்க. 2001-ல மீரா நாயர் என்ற அம்மா எடுத்தது. வெனிஸ் பட விழாவில் தங்கச் சிங்கம் பரிசு வாங்கினது. பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். பயிற்சி கொடுத்த அக்கா நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொன்னாங்க.

டெல்லியில் ஒரு பஞ்சாபி குடும்பம். மகளுக்குக் கல்யாணம். 'ஹே ராம்' படத்துல வந்த வசுந்தரா தாஸ்தான் பொண்ணு. மருதாணி, பாட்டு, செவ்வந்திப் பூ, பந்தல்காரரோட சண்டைன்னு வீடே அமர்க்களப்படுது. அப்பா லலித் வெளியே சிரிச்சுக்கிட்டு, உள்ளே பணத்துக்கு அல்லாடுறார். தெரிஞ்சவங்ககிட்ட கடன் கேட்கிறார். அதைப் பார்த்து நாங்க எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். கல்யாணச் செலவுக்குக் குழுவுல கடன் வாங்காதவங்க இங்க எத்தனை பேர்?

அந்த வீட்டுல ரியான்னு ஒரு பொண்ணு. அப்பா இல்லாதவ. லலித் அவளுக்கு அப்பாகூடப் பிறந்தவர், வளர்த்தவரும் அவர்தான். கல்யாணத்துக்கு அத்தை வீட்டுக்காரர் தேஜ் வர்றார். பணக்காரர். கஷ்டகாலத்துல குடும்பத்தைத் தாங்கினவர். ரியாவை அமெரிக்காவுல படிக்க வைக்கிறேன்னு சொல்றார். எல்லாரும் அவரைத் தலைமேல வச்சுக் கொண்டாடுறாங்க. ரியா முகம் மட்டும் இறுகிக் கிடக்கு. சின்ன வயசுல அவர் அவகிட்ட தப்பா நடந்திருக்கார். யாருக்கும் சொல்லல.

பாட்டுக் கச்சேரி நடக்கிற ராத்திரி, அதே ஆள் ஒரு சின்னப் பொண்ணைக் கார்ல கூட்டிட்டுக் கிளம்புறார். ரியா ஓடிப்போய்த் தடுத்து, எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்லிடுறா. தன் விஷயத்துக்கு வாய் திறக்காதவ, அந்தக் குழந்தைக்காகத் திறந்தா. அந்த இடத்துல எனக்கு மூச்சே அடைச்சுப் போச்சு.

லலித் உடனே ஒண்ணும் செய்யல. ரியாகிட்ட போய், கல்யாணத்துக்கு வந்துடும்மான்னு கெஞ்சுறார். எனக்கு அவர் மேல கோபமா வந்துச்சு. ஆனா கூடப் பிறந்தவ புருஷனைப் பகைச்சுக்கிறது லேசா? மறுநாள் சொந்தம் எல்லாம் கூடி நிக்கிறப்ப, தேஜை வீட்டைவிட்டுப் போகச் சொல்லிடுறார். கல்யாணம் நிக்கல. கொட்டுற மழையில, எல்லாரும் நனைஞ்சு ஆடி, நல்லாவே நடந்துச்சு.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க அப்பா இறந்தப்ப எங்களுக்கு நெல்லு கொடுத்துக் காப்பாத்தின சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கார். எனக்கு அப்ப ஒன்பது வயசு. அதுக்கு மேல சொல்ல வேண்டாம், உங்களுக்கே புரியும். போன மாசம் என் மகளுக்குச் சடங்கு வச்சோம். பத்திரிகை வைக்க வேண்டிய பேர் எழுதும்போது அவர் பேர்தான் முதல்ல வந்துச்சு. இருபது வருஷத்துக்கு மேல அடக்கி வச்சதை அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவே இல்லை. காலையில எந்திரிச்சுப் பேனாவை எடுத்து அந்தப் பேரை அடிச்சார்.

அந்த வீட்டுக்கு நாங்க பத்திரிகை வைக்கல. ஊர்ல கேட்டாங்க, கேட்கத்தான் செய்வாங்க. எங்க அம்மா சடங்குக்கு வந்து ஓரமா உட்கார்ந்துட்டுப் போனாங்க. இன்னும் என்கூட சரியா பேசல. நான்தான் தினமும் போன் பண்றேன்.