சுரங்கத்தில் தேடிய சூரியன்



ஒரு சொல் பொருந்தாவிட்டால் கவிஞன் அமைதி இழக்கிறான். ஓர் எண் பொருந்தாமையால் முப்பது ஆண்டுகள் அமைதி இழந்த இருவரின் வரலாறு இயற்பியலில் உண்டு. அவ்வரலாறு நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பற்றியது.

1920களில் அறிஞர்களை ஒரு புதிர் வாட்டியது. சில அணுக்கருக்கள் சிதைந்து எலெக்ட்ரானை உமிழும்போது, ஆற்றலில் ஒரு பகுதி கணக்கில் வராமல் போயிற்று. ஆற்றல் அழிவதில்லை என்னும் விதியையே கைவிட வேண்டுமோ என்று நீல்ஸ் போர் போன்ற பேரறிஞரும் எண்ணினர். 1930 டிசம்பர் 4ஆம் நாள் உல்ப்காங் பௌலி தம் நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். மின்னேற்றம் அற்ற, கண்ணுக்கும் கருவிக்கும் எளிதில் அகப்படாத ஒரு துகள் அந்த ஆற்றலைக் கொண்டு செல்கிறது என்பதே அவர் துணிவு. என்ரிகோ ஃபெர்மி அத்துகளை நியூட்ரினோ என்னும் பெயரால் நிலைநிறுத்தினார். 1956இல் ஃப்ரெடரிக் ரைன்ஸும் கிளைட் கோவனும் அணு உலை ஒன்றின் அருகே அதனைக் கண்டறிந்தனர். கருதிய பொருள் கைக்கு வர இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

சூரியனின் நடுவே ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போதெல்லாம் நியூட்ரினோக்கள் பிறக்கின்றன. அங்கே தோன்றும் ஒளி மேற்பரப்பை எட்டப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். நியூட்ரினோவோ எட்டே நிமிடங்களில் பூமியை அடைகிறது. பூமியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பை நொடிதோறும் ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடக்கின்றன. அவற்றைப் பிடிக்க முடிந்தால் சூரியனின் அகத்தையே காணலாம்.

வானிலிருந்து பொழியும் பிற துகள்களை வடிகட்டப் பாறைதான் தக்க திரை. ஆதலின் சூரியனைக் காண விரும்பியவர்கள் சுரங்கத்துக்குள் இறங்கினர். இவ்வகைப் பணியில் இந்தியாவுக்கும் பங்குண்டு. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடம் 1965இல் பதிவாயிற்று. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அத்தடம் கிடைத்தது.

சூரிய நியூட்ரினோக்களைத் தேடி அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் உள்ள ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்துக்குள் சென்றவர் ரேமண்ட் டேவிஸ். ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில், துணி வெளுக்கப் பயன்படும் குளோரின் சேர்ந்த திரவத்தை 3,80,000 லிட்டர் அளவுக்கு ஒரு தொட்டியில் நிரப்பினார். நியூட்ரினோ தாக்கினால் குளோரின் அணு ஒன்று ஆர்கானாக மாறும். சில வாரங்களுக்கு ஒருமுறை அந்த ஒருசில அணுக்களைத் தொட்டியிலிருந்து பிரித்தெடுத்து எண்ண வேண்டும். கடலில் கரைந்த கண்ணீர்த் துளியைத் திரும்ப எடுப்பது போன்ற பணி அது!

எத்தனை அணுக்கள் கிடைக்க வேண்டும் என்று கணக்கிட்டவர் ஜான் பாகால். 1968இல் முதல் முடிவு வந்தபோது கணக்கும் காட்சியும் பொருந்தவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே கிடைக்கிறது என்பது உறுதியாயிற்று. சோதனையில் பிழை என்றனர் சிலர்; சூரியனைப் பற்றிய கணக்கில் பிழை என்றனர் வேறு சிலர். டேவிஸ் அளந்தெடுத்த சிறிதளவு ஆர்கானைத் தாமே தொட்டியில் செலுத்தி, மீட்க முடிகிறதா எனச் சோதித்தார், மீண்டது. பாகால் தம் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்; அது அசையவில்லை. முரண்பட்ட எண்களை வைத்துக்கொண்டு இருவரும் பகைவராகவில்லை. மற்றவருக்கு இசையத் தம் எண்ணைச் சற்றே திருத்திக்கொள்ளவும் இல்லை.

விடை வேறோர் இடத்தில் இருந்தது. நியூட்ரினோவில் எலெக்ட்ரான், மியூவான், டௌ என மூன்று வகைகள் உண்டு. செல்லும் வழியில் ஒரு வகை மற்றொன்றாக மாறக்கூடும் என்னும் கருத்தைப் புரூனோ பொன்டிகோர்வோ முன்னரே கூறியிருந்தார். 1998இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம், 50,000 டன் நீர்த் தொட்டியின் துணைகொண்டு, வளிமண்டல நியூட்ரினோக்கள் அவ்வாறு மாறுவதைக் காட்டியது. கனடாவின் சட்பரியில் நிக்கல் சுரங்கத்துள் 1,000 டன் கனநீர் வைத்து ஆய்ந்தவர்கள், 2001, 2002ஆம் ஆண்டுகளில் சூரிய நியூட்ரினோக்களுக்கும் அதுவே நிகழ்கிறது என்று மெய்ப்பித்தனர். மூன்று வகைகளையும் சேர்த்து எண்ணியபோது பாகாலின் கணக்குச் சரியாயிற்று. டேவிஸின் தொட்டி எலெக்ட்ரான் வகையை மட்டுமே அறியவல்லது. ஆகவே அவர் எண்ணிக்கையும் சரியே. பிழை, நியூட்ரினோவுக்கு நிறையே இல்லை என்று கொண்டிருந்த பொதுக்கொள்கையில் இருந்தது. நிறை இன்றேல் இம்மாற்றம் நிகழாது.

2002இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது டேவிஸுக்கு அகவை 87. முப்பது ஆண்டுகளில் அவர் எண்ணியவை ஏறத்தாழ 2,000 அணுக்கள் மட்டுமே. பாகாலுக்கு அப்பரிசு கிட்டவில்லை. 2005இல் அவர் மறைந்தார். நியூட்ரினோ மாற்றத்தை மெய்ப்பித்த தக்காகி கஜிதாவும் ஆர்தர் மக்டொனால்டும் 2015இல் பரிசு பெற்றனர்.

கவிஞர் பெருமக்களே! டேவிஸ் தம் எண்ணைச் சிறிது கூட்டியிருந்தால் ஊரோடு ஒத்துப் போயிருக்கலாம். ஆனால் நியூட்ரினோவின் மெய்யியல்பு மறைந்தே கிடந்திருக்கும். கண்டதைக் கண்டவாறு சொல்லிவிட்டு, அது பொருந்தும் நாள்வரை பொறுத்திருக்கும் துணிவு ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதன்று. பத்தாண்டுகள் சொல்லைத் தேடிய ஓர் அவைக்கும் அது புதியதாய் இராது.